கேட்கத் தெரிந்த முகம்: டி. எஸ். பாலையாவும் தேயிலை மலையின் ரசிகர்களும்

சினிமாவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கதாநாயகர்களின் பெயர்களையே வரிசையாக நட்டுக்கொண்டு போவது வழக்கம். ஆயினும், ஒரு படத்தைப் பார்த்து முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்து, காதலர்கள் எதற்காகப் பிரிந்தார்கள், எப்படி மீண்டும் கூடினார்கள் என்பதெல்லாம் மறந்துபோன பிறகும், மனத்திரையில் அழியாமல் நிற்கும் முகம் பல சமயங்களில் கதாநாயகனுக்கு மாமனாராகவோ, பகைவனாகவோ, பக்கவாத்தியக்காரனாகவோ வந்துபோன ஒருவருடைய முகமாக இருப்பதை அனுபவத்தில் காண்கிறோம். ஹாலிவுட்டார் இந்த உண்மையைச் சற்று முன்னதாகவே அங்கீகரித்துவிட்டார்கள். 1936ஆம் ஆண்டின் படங்களுக்கு ஆஸ்கார் பரிசு வழங்கியபோது துணைப் பாத்திரங்களுக்கென்று தனிப் பரிசை முதன்முறையாக ஏற்படுத்தினார்கள். ஆடவரில் வால்டர் பிரென்னனும் பெண்டிரில் கேல் சாண்டர்கார்டும் அதைப் பெற்றார்கள். பிரென்னன் 1938, 1940ஆம் ஆண்டுகளின் படங்களுக்கும் அதே பரிசை வாங்கி, கதாநாயகனாகாமலே ஒரு நடிகன் எட்டக்கூடிய உயரம் எவ்வளவு என்பதை உலகுக்குக் காட்டினார்.

அதே 1936ஆம் ஆண்டு, மார்ச் 28ஆம் தேதி, தமிழ்நாட்டில் ‘சதி லீலாவதி’ என்ற படம் திரைக்கு வந்தது. அதில் நண்பன் வேஷமிட்டுக் குடும்பத்தைக் கெடுக்கும் ராமநாதன் என்ற துர்ப்பாத்திரத்தை ஏற்றவர், 22 வயது நிரம்பாத டி. எஸ். பாலையா. திருநெல்வேலிச் சீமையிலே சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரில் 1914ஆம் ஆண்டில் பிறந்து, நாடக மேடையில் பயின்று, சினிமாவுக்கு வந்த இவர், 1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலமாகும் வரையில், ஏறக்குறைய முப்பத்தாறு ஆண்டுகள், தமிழ்த் திரையின் கதைகளைத் தம் தோளில் தாங்கி நின்றார். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையிலிருந்து இவரைப் பற்றி எழுதப் புகுவதற்குத் தக்க காரணம் உண்டு. பாலையாவின் முதற்படமும், அவருக்கு மிகுந்த பிரசித்தியைத் தேடித் தந்த படங்களுள் ஒன்றும், தோட்டங்களோடு தொடர்புடையவை. ஒன்றிலே அவர் செய்த சூழ்ச்சியினால் கதாநாயகன் தேயிலைத் தோட்டத்துக் கூலியாகிறான். மற்றொன்றிலே அவரே மலைத்தோட்டத்து முதலாளியாக வீற்றிருக்கிறார்.

‘சதி லீலாவதி’யின் கதை எஸ். எஸ். வாசன் எழுதியது. கிருஷ்ணமூர்த்தி என்னும் செல்வந்தன், ராமநாதனுடைய துர்ப்போதனையால் மதுவுக்கும் மோகனாங்கி என்பவளுக்கும் அடிமையாகி, குடிவெறியில் தன் நண்பன் ஒருவனைக் கொன்றுவிட்டதாக நம்பி, இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். அவன் மனைவி லீலாவதியோ ராட்டையில் நூல் நூற்று மானத்தோடு ஜீவிக்கிறாள். கிருஷ்ணமூர்த்தியாக எம். கே. ராதா நடித்தார். எம். ஜி. ராமச்சந்திரன் ஒரு சிறு போலீஸ் உத்தியோகஸ்தர் வேஷத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும், என். எஸ். கிருஷ்ணன் ஹாஸ்யம் செய்ததும் இந்தப் படத்தில்தான். கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார் தயாரித்த இப்படத்தை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலையைக் கற்று, 1935இல் இந்தியாவுக்கு வந்த டங்கனுக்குத் தமிழ் தெரியாது.

பாஷை தெரியாத டைரக்டரிடம் ஒரு நடிகன் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்ற கேள்வி எழலாம். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திப் பழகிய நடிகர்களுக்கு, வசனத்தின் அர்த்தம் புரியாமல் முகத்தையும் கையையும் மாத்திரமே பார்த்து நல்லது கெட்டது சொல்லும் ஒருவர் டைரக்டராக வாய்த்தது பெரும் பாக்கியம் என்பதே என் அபிப்பிராயம். அடுத்த ஆண்டில் டங்கன், தியாகராஜ பாகவதரைக் கொண்டு ‘அம்பிகாபதி’யை எடுத்தபோது, பாலையா ருத்ரசேனன் என்னும் பகைவனாக வந்தார். ஆரம்ப காலத்திலேயே இத்தகைய பயிற்சி கிடைத்ததனால், பேசாதிருக்கும் வேளையிலும் நடிக்க வேண்டும் என்ற பிரக்ஞை அவருக்கு மற்றவர்களைவிட முந்தி வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

நடிப்பில் பேசுவது பாதி, கேட்பது பாதி. வசனம் எழுதித் தந்துவிட்டால் ஓரளவு தேர்ந்த எவரும் பேசிவிடலாம். எதிரே இருப்பவர் பேசும்போது அதைக் கேட்டு, கேட்டது உள்ளே இறங்கி, இறங்கியது முகத்தில் ஏறுவதைக் காட்டுவது அரிது. பாலையாவின் கலை அந்தக் கேட்கும் கலை. இதை அறிந்துகொள்வதற்குக் கேமரன் மலைபோன்ற தோட்டப் பிரதேசங்களின் பழைய படக்காட்சிகளைவிடச் சிறந்த பரீட்சைக்களம் இருக்க முடியாது.

1885இல் வில்லியம் கேமரன் என்ற சர்வேயர் அளந்து குறித்த இந்த மலைநாடு, நீண்ட காலம் காடாகவே கிடந்து, தாப்பாவிலிருந்து மலைச்சாலை ஏறத் தொடங்கிய பிறகே உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், ‘போ’ தேயிலைத் தோட்டத்தை இங்கே நிறுவினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவர் அவருக்குத் துணையாக வந்தார். 1933இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினர் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். தோட்டங்களின் வேர்வையோ தமிழருடையது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்களும் அவர்கள் மக்களும் செங்குத்தான சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கிள்ளி, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை வெளியே அனுப்புவதைத் தடை செய்தபோது, தாயகத்தோடு இருந்த போக்குவரத்து வெகுவாகக் குறைந்து, தாய்நாட்டின் குரலும் முகமும் சினிமா வழியாகவே இவர்களை வந்தடையும் காலம் பிறந்தது.

யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மலாயாவின் தோட்டங்களுக்குப் படம் வந்த விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். தகவல் இலாகாவின் நடமாடும் வண்டிகள், 1946இல் ஏற்பட்ட மலாயன் பிலிம் யூனிட்டின் செய்திப் படங்களைக் கொண்டுவந்து காட்டும். அவற்றைத் தவிர, தோட்ட நிர்வாகமோ திருவிழாக் கமிட்டியோ ஏற்பாடு செய்யும்போது தனியார் வண்டிகள் தமிழ்ப் படங்களைக் கொண்டுவரும். திடலிலே இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். சாயங்காலமே பிள்ளைகள் பாயையும் சாக்கையும் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். தோட்டத்துக் குமாஸ்தாக்களாகிய கிராணிமார் குடும்பங்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. மலையின் குளிருக்குக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, தாய்மார்கள் மடியில் குழந்தையைப் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் புரொஜெக்டர் ஒன்றே இருக்குமாகையால், ஒரு ரீல் முடிந்து மறு ரீல் மாட்டும் வரையில் திடல் முழுவதும் பேச்சு எழும்: அவன் ஏன் அப்படிச் செய்தான், இவள் இனி என்ன ஆவாள் என்று. ஜெனரேட்டரின் இரைச்சல் ஒரு புறம், காற்று வாக்கில் ஏறி இறங்கும் ஒலிபெருக்கி ஒரு புறம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்துவிட்டாலோ, புரொஜெக்டரின் ஒளிக்கற்றையே வெண்புகையாகத் திரண்டு, திரையிலுள்ள உருவங்கள் சற்று நேரம் மங்கித் தெளியும்.

இப்படிப்பட்ட காட்சியில் வசனத்தின் நயம் பாதி காற்றோடு போய்விடும். எஞ்சி நிற்பவை முகமும் நடையும் உடம்பின் சாய்வுமே. ஆகையினால்தான், பழைய தோட்டத்து மனிதர்களோடு சினிமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எம். ஜி. ஆருடைய கத்திச் சண்டையையும் சிவாஜியின் அழுகையையும் சொல்லி முடித்த கையோடு, பாலையாவின் முகத்தைத் தங்கள் முகத்தால் செய்து காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் ஒப்புவிப்பது வசனத்தையன்று. புருவம் ஏறுவதையும், வாய் சற்றே திறந்து நிற்பதையும், பயத்தில் தலை மெல்லத் தோளுக்குள் இறங்குவதையுமே செய்து காட்டுகிறார்கள். நடிப்புக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பாலையா ஏற்ற பாத்திரங்களை எல்லாம் விவரிப்பது இங்கே அவசியமில்லை. 1948இல் ‘மோகினி’யில் முதன்மைப் பாத்திரத்தையும் ஏற்றுப் பார்த்தார், ஆயினும், அவருடைய இயல்பான ஸ்தானம் நாயகனுக்குப் பக்கத்திலேதான் என்பதைக் காலம் காட்டிவிட்டது. 1949இல் அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’யில் கே. ஆர். ராமசாமியின் நண்பன் மணியாக வந்து, பழிவாங்கும் யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் சாதுரியசாலியாக நின்றார். 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் தமிழைக் கொச்சையாகப் பேசும் சேட்டாகவும், 1956இல் ‘மதுரை வீர’னில் நரசப்பனாகவும் வந்தபோது, அவருக்கே உரிய ஒரு விசேஷம் துலங்கியது. வில்லன் என்றால் விழியை உருட்டி இடிபோலச் சிரிக்க வேண்டும் என்ற மரபு பி. எஸ். வீரப்பா போன்றோரிடம் கம்பீரமாக விளங்கிய அக்காலத்தில், பாலையாவின் வில்லனோ அசட்டு ஆசையும் கோழைத்தனமும் நிறைந்த மனிதனாக இருந்தான். அவன் கெடுதல் செய்யும்போது நமக்குக் கோபம் வரும். அகப்பட்டுக்கொள்ளும்போது சிரிப்பு வரும். சிரித்த மறுகணத்தில், இப்படி ஒரு மனிதனை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோமே என்ற எண்ணமும் வரும். 1959இல் ‘பாகப்பிரிவினை’யில், மனைவியின் சொல்லைத் தட்ட மாட்டாமல் உடன்பிறந்தவனைப் பிரியும் அண்ணனாக அவர் நின்ற நிலையில், குற்றமும் பாசமும் ஒரே முகத்தில் குடியிருந்தன.

1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. இதில் சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி விஸ்வநாதனாக வந்தவர் பாலையா. இந்தப் படத்துக்கு மலேசியாவோடு இன்னோர் உறவும் உண்டு. இதில் நாயகனாக அறிமுகமான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர். எஸ்டேட்டில் உத்தியோகம் பார்க்கும் இளைஞன் அசோக், முதலாளியின் பெண்களோடு ஏற்பட்ட சச்சரவினால் வேலையை இழந்து, பங்களாவுக்கு எதிரேயே கூடாரம் அடித்து நியாயம் கேட்கிறான். பின்னர் அவன் பெருஞ்செல்வனின் மகன் என்று பொய்யாக நம்பவைக்கப்பட்டதும், நேற்று வரை அவனை விரட்டிய முதலாளி, அவன் பெயரோடு மரியாதை விகுதியைச் சேர்த்து, அதுவும் போதாதென்று ‘மகன்’ என்ற சொல்லுக்கும் விகுதி சேர்த்துக் குழைகிறார். அந்த ஒரு குழைவில், பணத்துக்கு முன்னால் கூனிப்போகும் முதுகெலும்பு முழுவதும் தெரிந்துவிடுகிறது.

எஸ்டேட் முதலாளி என்ற அந்தப் பாத்திரத்தைத் தோட்டத்துத் திடலில் தரையில் அமர்ந்து பார்த்தவர்களுடைய சிரிப்புக்கு ஒரு தனிச் சுவை இருந்திருக்க வேண்டும். மேட்டிலே பங்களா, பள்ளத்திலே லயம் என்பது அவர்கள் அன்றாடம் கண்ட பூகோளம். விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று பெயர் கொடுத்து, மேற்பார்க்கும் மண்டோரின் அதட்டலைக் கேட்டு, துரையின் வண்டி வந்தால் ஒதுங்கி நின்றவர்கள், இரவிலே துணித்திரையில், ஒரு பங்களாக்காரர் தம்முடைய சொந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடுநடுங்கிப்போவதைக் கண்டார்கள்.

நடுநடுங்கியது எதனால் என்பதைத் தமிழர் அனைவரும் அறிவார்கள். சினிமா எடுக்கப் பணம் கேட்கும் மகன் செல்லப்பாவாகிய நாகேஷ், தகப்பனாருக்குப் பேய்க்கதை ஒன்றைச் சொல்லும் காட்சி அது. நாகேஷின் திறமையைப் பற்றி ஐயமே இல்லை. குரலாலும் கையாலும் உடம்பாலும் இருட்டையும் காலடி ஓசையையும் அவர் உண்டாக்குகிறார். ஆனால், அவர் உண்டாக்கியது உண்மையாகவே உண்டாகிவிட்டது என்று நமக்குச் சொல்வது யார்? எதிரே இருக்கும் முகம். முதலில் அதில் சலிப்பு இருக்கிறது, பணம் கேட்டு வந்த பிள்ளையைப் பார்க்கும் தகப்பனின் சலிப்பு. சிறிது நேரத்தில் சலிப்பு தளர்ந்து, கொஞ்சம் கேட்டுத்தான் பார்ப்போமே என்ற இணக்கம் வருகிறது. பிறகு, தாம் பயப்படுகிறோம் என்பது மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற கௌரவம். அதற்கும் பிறகு, அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற முடியாமல் போகும் நிலை. இந்தப் படிகளுள் ஒன்றையாவது பாலையா தாண்டிக் குதித்திருந்தால் காட்சி வெறும் கோமாளித்தனமாகி இருக்கும். அவர் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி இறங்குகிறார். அவருக்கு அங்கே வசனம் மிகக் குறைவு. காட்சியின் பாதிக்கு மேல் அவருடையது.

இதே படம் 1966இல் ஹிந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுக்கப்பட்டபோது, நாகேஷின் வேஷத்தை மெஹ்மூதும் பாலையாவின் வேஷத்தை ஓம் பிரகாஷும் ஏற்றார்கள். மெஹ்மூதுக்கு ஹாஸ்ய நடிப்புக்கான பிலிம்பேர் பரிசு கிடைத்தது. தகுதியானவருக்கே கிடைத்தது. எனினும், கதை சொன்னவருக்குப் பரிசும் கேட்டவருக்கு மௌனமும் என்பது இந்தியச் சினிமா உலகத்தின் நெடுநாள் வழக்கமாக இருந்துவிட்டதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்திய அரசாங்கத்தின் தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்கென்று தனி விருது 1984ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் வழங்கப்படலாயிற்று. ஹாலிவுட்டார் அதைத் தொடங்கி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலையா காலமாகி 12 ஆண்டுகள்.

1965இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதராக வந்தபோது, கேட்கும் கலை அதன் சிகரத்தைத் தொட்டது. பாண்டியன் சபையிலே அவர் பாடும் ராகமாலிகைக்குக் குரல் தந்தவர் பாலமுரளிகிருஷ்ணா. அத்தகைய சங்கீத மேதையின் கண்டத்துக்கு முகம் கொடுப்பது இலேசான காரியமன்று; பிருகாவுக்குப் பிருகா தலையும் கையும் ஈடுகொடுத்தால் மட்டும் போதாது, வித்தையின் கர்வம் விரல் நுனி வரையில் இறங்கி நிற்க வேண்டும். பாலையா அதைச் செய்தார். ஆனால், என்னைப் பொறுத்தவரை, அந்தப் பாத்திரத்தின் மகத்துவம் பாட்டு முடிந்த பிறகே தொடங்குகிறது. இரவிலே, விறகுவெட்டி வேஷத்தில் வந்த இறைவனின் பாட்டு எங்கிருந்தோ எழுகிறது. சபையை வென்ற வித்துவான் அதைக் கேட்கிறார். இதுவரை எவர் பாட்டையும் மதித்துக் கேட்டறியாத ஒருவர், வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்கிறார். கர்வம் கரைகிறது, ஆச்சரியம் வருகிறது, ஆச்சரியத்தின் அடியில் ஒரு கலைஞனுக்கே உரிய ஆனந்தமும், அதற்கும் அடியில் நாளைய தோல்வியின் பீதியும் தெரிகின்றன. இவ்வளவும் நிகழ்வது ஒரே முகத்தில்.

1967இல் ‘பாமா விஜய’த்தில் ஆடம்பர மோகத்தில் திசைமாறும் பிள்ளைகளைத் திருத்தும் தகப்பனாகவும், ‘ஊட்டி வரை உற’வில் பழைய ரகசியம் ஒன்றை மறைக்கத் தத்தளிக்கும் பெரிய மனிதராகவும் வந்தார். 1968இல், கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைத் தழுவிய ‘தில்லானா மோகனாம்பா’ளில், சிக்கல் சண்முகசுந்தரமாகிய சிவாஜிக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்கு அவர். நாதஸ்வர இசையை அளித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த இசைக்கு எதிரே தவிலோடு அமர்ந்த பாலையா, தோளின் அசைவாலும், நாயனக்காரரைப் பார்க்கும் பார்வையாலும், அடுத்த சங்கதி எங்கே போகப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்து காத்திருக்கும் பக்கவாத்தியக்காரரின் மனத்தை வெளிப்படுத்தினார். கோயில் திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்த எவரும் அந்தப் பார்வையை அடையாளம் கண்டுகொள்வார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களும் கண்டுகொண்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமாவில் தேயிலைத் தோட்டம் 1936இல் பிரவேசித்தது, ஒரு தனவந்தன் தன் பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கும் இடமாக; 1964இல் வந்த மலைத்தோட்டமோ, பணக்காரப் பெண்களும் கார் ஓட்டும் இளைஞர்களும் பாடித் திரிவதற்கேற்ற அழகிய பின்னணியாக. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு சரிவில் நின்று கொழுந்து எடுத்த பெண், இரண்டிலும் கதைக்குள் வந்து அமரவில்லை. இந்தக் குறைக்குப் பாலையா பொறுப்பாளியல்லர். எழுதித் தந்ததை நடித்தவர் அவர். ஆயினும், தோட்டத்து ஜனங்கள் அவரிடம் கொண்ட பிரியத்துக்கு இதிலே ஒரு காரணம் ஒளிந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாயகனுடைய வாழ்க்கையிலே தங்கள் வாழ்க்கையைக் காண இயலாதவர்கள், அந்த நாயகனைச் சுற்றி நின்று, பிறர் சொல்வதைக் கேட்டு, பயந்து, ஏமாந்து, சமாளித்துக்கொள்ளும் மனிதரிடத்தில் அதைக் கண்டிருக்கலாம்.

‘சதி லீலாவதி’யின் பிரதி எதுவும் இன்று மிஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. பாலையாவின் முதல் நடிப்பும், தமிழ்த்திரை காட்டிய அந்தத் தோட்டக் காட்சிகளும், சில புகைப்படங்களிலும் எழுத்துக் குறிப்புகளிலுமே எஞ்சியுள்ளன. பிலிம் போய்விட்ட இடத்தில் பார்த்தவர்களின் ஞாபகமாவது இருந்திருக்கலாம். அந்தத் தலைமுறையும் போய்விட்டது. ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திடலில் படம் பார்த்தவர்கள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இன்னமும் இருக்கிறார்கள். தோட்டங்களில் இப்போது கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணத்துக்கு இறங்கிவிட்டன. பல லயங்களில் விளக்கில்லை. நமது சர்வகலாசாலைகளின் இந்திய ஆய்வியல் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும், எந்தத் தோட்டத்தில் எந்தப் படம் காட்டப்பட்டது, வண்டி எங்கிருந்து வந்தது, செலவை யார் கொடுத்தார்கள், ரீல் மாற்றும் இடைவேளையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இந்த முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்துவைக்க வேண்டும். கூடுமானால் குரலோடு முகத்தையும் சேர்த்துப் படம்பிடிக்க வேண்டும். பாலையாவைப் பற்றிக் கேட்டால் அவர்களில் பலர் முதலில் பதில் சொல்வது முகத்தினால்தான்.